ஆபரேஷனுக்குப் பின் டியூப் எடுக்கும் நாளை யார் குறிப்பது?

நம் கடைத்தெருவில் பேசாத விஷயம் கிடையாது. மிளகாய் வரத்து, பருப்பு விலை, வரி, வாடகை, வராத பாக்கி என்று எல்லாவற்றையும் டீக்கடை பெஞ்சிலேயே பேசித் தீர்த்துவிடுகிறோம். ஆனால் ஐம்பது வயதைத் தாண்டிய வணிகர்கள் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் வாய் திறந்து பேசுவதில்லை. இரவில் நான்கு முறை எழுந்து போவதையும், போனால் சொட்டுச் சொட்டாக வருவதையும், வந்த பிறகும் பாதி நின்றுவிட்டதுபோல் இருப்பதையும் மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம்.

அப்படி மறைத்து வைத்த நோய் ஒருநாள் ஆபரேஷன் வரை கொண்டுபோய் விடுகிறது. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வலி எப்போது போகும்?" என்பது கிடையாது. "இந்த டியூபை எப்போது எடுப்பீர்கள்? கடைக்கு எப்போது போகலாம்?" என்பதுதான். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கான விடையைக் கடையின் தேவையை வைத்துக் குறித்தால் என்ன ஆகும் என்பதை நம் உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே இந்தக் கட்டுரை.

நோய் என்ன?

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர் வெளியேறும் பாதையைச் சுற்றி ஒரு சுரப்பி இருக்கிறது. அதன் பெயர் புராஸ்டேட். இளவயதில் ஒரு பெரிய பாக்கு அளவுதான் இருக்கும். வயது ஏற ஏற அது பருக்கிறது. அறுபது வயதை ஒட்டியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும், எண்பதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் இந்தப் பருமன் உண்டு. எல்லோருக்கும் தொல்லை வருவதில்லை. உள்பக்கமாகப் பருத்துப் பாதையை நெருக்கும்போதுதான் தொல்லை. இது புற்றுநோய் ஆகாது. புராஸ்டேட்டில் புற்றுநோயும் வரலாம். அது வேறு நோய், அதற்கு வேறு ஆபரேஷன்.

கல்லாவில் உட்கார்ந்து சிறுநீரை அடக்குவதால்தான் புராஸ்டேட் வீங்குகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது சரியில்லை. வயதும் ஆண் ஹார்மோனும்தான் காரணம். ஆனால் வீங்கிய பிறகு அடக்குவது ஆபத்து. சிறுநீர்ப்பை நிரம்பித் தளர்ந்து, திடீரென ஒரு சொட்டும் வராமல் அடைத்துக்கொள்ளலாம். சளிக்கும் மூக்கடைப்புக்கும் நாமாக வாங்கி விழுங்கும் சில மாத்திரைகளும் இந்த அடைப்பைக் கொண்டுவரும். கடைத்தெருவில் கழிப்பிடம் இல்லாமல் காலை எட்டு முதல் இரவு பத்து வரை உட்காரும் நம் தொழிலில் இதை மறக்கக் கூடாது.

மாத்திரையில் அடங்காதவர்களுக்கும், ஒருமுறை முழுதாக அடைத்து மீண்டும் சரியாகாதவர்களுக்கும், அடைப்பினால் தொற்று, கல், சிறுநீரகக் கோளாறு வந்தவர்களுக்கும் ஆபரேஷன் தேவைப்படுகிறது.

டியூப் எதற்காக?

ஆபரேஷன் முடிந்ததும் சிறுநீர்ப்பாதை வழியாக ஒரு ரப்பர் அல்லது சிலிக்கான் குழாயைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டுவிடுகிறார்கள். இதைத்தான் நாம் யூரின் டியூப் என்கிறோம். மருத்துவர்கள் கதீட்டர் என்பார்கள். அதன் நுனியில் ஒரு சிறு பலூன் இருக்கும். உள்ளே போனதும் பலூனில் தண்ணீர் ஏற்றுவார்கள். டியூப் நழுவி வெளியே வராமல் இருப்பது அந்தப் பலூனால்தான். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஃபிரடெரிக் ஃபோலி என்ற மருத்துவர் 1930களில் உருவாக்கிய அமைப்பு இது. புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பின் ரத்தம் கசியும் இடத்தைப் பலூன் கொண்டு அழுத்திப் பிடிப்பதே அவர் நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. இன்றும் உலகம் முழுவதும் அவர் பெயரிலேயே ஃபோலி கதீட்டர் என்று விற்பனையாகிறது.

டியூபின் உறையில் 16, 18, 22 என்று எண் போட்டிருக்கும். அதை மூன்றால் வகுத்தால் டியூபின் பருமன் மில்லிமீட்டரில் கிடைக்கும். 18 என்றால் 6 மில்லிமீட்டர். பாரிஸ் நகரில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் என்பவர் வகுத்த அளவுமுறை இது. எடையும் அளவும் அறிந்த நமக்கு இது எளிதில் புரியும்.

புராஸ்டேட் ஆபரேஷனுக்குப் பின் வைக்கும் டியூபில் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கும். ஒன்று பலூனுக்கு. இன்னொன்று வழியாக உப்புநீர் உள்ளே போகும். மூன்றாவது வழியாக ரத்தமும் சிறுநீரும் கலந்து வெளியே வரும். இப்படி இரவும் பகலும் கழுவிக்கொண்டே இருப்பதற்குக் காரணம், ரத்தம் கட்டியாகி டியூபை அடைத்துவிடக் கூடாது என்பதே. பையில் சிவப்பாக வருவதைப் பார்த்து வீட்டார் பயந்துபோகிறார்கள். சில சொட்டு ரத்தம் கலந்தாலே நீர் முழுவதும் சிவக்கும். நிறம் நாளுக்கு நாள் வெளுத்து வருகிறதா என்பதுதான் கணக்கு.

ஆபரேஷனுக்கு ஆபரேஷன் நாள் மாறும்

"பக்கத்துக் கடைக்காரருக்கு இரண்டாம் நாளே எடுத்துவிட்டார்கள், எனக்கு மட்டும் ஏன் பத்து நாள்?" என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. புராஸ்டேட் ஆபரேஷன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே நடப்பது ஒன்றில்லை. பச்சரிசியும் புழுங்கலரிசியும் அரிசிதான். வேகும் நேரம் ஒன்றா?

முதல் வகை, வயிற்றில் கத்தி வைக்காமல் சிறுநீர்ப்பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைக்கும் சதையை மின்சாரத்தால் சீவி எடுப்பது. டி.யு.ஆர்.பி. என்று மருத்துவமனைகளில் சொல்வது இதைத்தான். இதற்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களில் டியூப் எடுக்கிறார்கள். ஹோல்மியம் லேசர் கொண்டு சதையைக் குடைந்து எடுக்கும் முறையில் பலருக்கு மறுநாளே எடுத்துவிடுகிறார்கள்.

இரண்டாவது வகை, சுரப்பி மிகப் பெரிதாக இருக்கும்போது அடிவயிற்றைத் திறந்து சதையை எடுப்பது. இதில் தையல் ஆற வேண்டும் என்பதால் ஐந்து முதல் ஏழு நாட்கள், சில சமயம் அதற்கு மேலும் டியூப் இருக்கும். இந்த ஆபரேஷனின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. இந்திய மருத்துவப் பணியில் இருபது ஆண்டுகள் வட இந்திய நகரங்களில் வேலை பார்த்து, சிறுநீர்ப்பைக் கல்லை எடுப்பதில் பெயர் வாங்கிய பீட்டர் ஃபிரேயர் என்ற அயர்லாந்துக்காரர், லண்டன் திரும்பி 1900 டிசம்பரில் இந்த ஆபரேஷனைத் தொடங்கி, 1901இல் அதை உலகறியச் செய்தார். 1945இல் டெரன்ஸ் மில்லின் என்பவர் சிறுநீர்ப்பையைத் திறக்காமலே சுரப்பியை நேரடியாக அணுகும் வழியைக் காட்டினார்.

மூன்றாவது வகை, புற்றுநோய்க்காகச் சுரப்பியை முழுதாக எடுத்துவிடுவது. இதில் சுரப்பி இருந்த இடம் காலியாகிவிடும். சிறுநீர்ப்பையின் வாயைக் கீழே இழுத்துப் பாதையோடு புதிதாகத் தைத்து இணைக்கிறார்கள். அந்தத் தையல் ஆறும்வரை டியூப்தான் உள்ளே சட்டம்போல் தாங்கி நிற்கிறது. ஏழு முதல் பதினான்கு நாட்கள் வைப்பது வழக்கம். சந்தேகம் இருந்தால் சிறுநீர்ப்பையில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்து, தையலில் கசிவு இல்லை என்று பார்த்த பிறகே எடுப்பார்கள். இந்த டியூப் தவறி வெளியே வந்துவிட்டால் ஊரில் யாரையாவது அழைத்து மீண்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. தையல் கிழிந்துவிடும். ஆபரேஷன் செய்த இடத்துக்கே ஓட வேண்டும்.

முந்தினாலும் நஷ்டம், பிந்தினாலும் நஷ்டம்

அறந்தாங்கியில் மளிகைக் கடை நடத்தும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு எட்டு நாள் இருக்கும்போது ஆபரேஷன். கடையில் மகன் மட்டும். சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. சிறுநீர் இன்னும் சிவப்பாகத்தான் வருகிறது. "எப்படியாவது இன்றைக்கே எடுத்துவிடுங்கள், நான் போயே ஆக வேண்டும்" என்று வற்புறுத்துகிறார். எடுத்துவிட்டால் என்ன ஆகும்? உள்ளே ரத்தம் கட்டியானால் பாதை அடைத்துக்கொள்ளும். ஊருக்குப் போகும் பேருந்திலேயே வயிறு உப்பித் துடிக்க வேண்டிவரும். திரும்பி வந்து, புண்ணான பாதையில் மறுபடியும் டியூப் போட வேண்டும். இரண்டு நாளை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வாரத்தை இழப்பார். பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இதற்கு நேர்மாறான தவறும் நம்மிடம் உண்டு. டியூபோடு வீட்டுக்கு அனுப்பி, "பத்தாம் நாள் வாருங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். பொன்னமராவதி சந்தை, வீட்டு விசேஷம், லாரி வரவு என்று நாள் தள்ளிப்போகும். வேட்டிக்குள் பை தொங்கிக்கொண்டே இருக்கும். வலி இல்லை, சிறுநீரும் தானாகப் போகிறது, அவசரம் என்ன என்று தோன்றும். டியூப் என்பது நாள் வட்டிக்கு வாங்கிய பணம் போன்றது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றில் மூன்று முதல் ஏழு பேருக்குச் சிறுநீரில் புதிதாகக் கிருமி சேர்கிறது என்பது மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட கணக்கு. ஒரு மாதம் ஆகிவிட்டால் ஏறத்தாழ எல்லோருக்குமே கிருமி சேர்ந்திருக்கும். கிருமி இருப்பவர்கள் எல்லோருக்கும் காய்ச்சல் வருவதில்லை. ஆனால் சர்க்கரை நோய் உள்ளவருக்கும் முதியவருக்கும் அது ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. நம் வணிகர்களில் சர்க்கரை நோயாளிகள் எத்தனை பேர் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"கிருமி வராமல் இருக்க டியூப் இருக்கும்வரை மாத்திரை போடலாமே?" என்று சிலர் கேட்பார்கள். மருந்துக் கடையில் நாமாக வாங்கிப் போடும் ஆன்டிபயாட்டிக் கிருமியை அழிப்பதற்குப் பதில், மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துவிடும். மருத்துவர் எழுதித் தந்த நாட்களுக்கு மட்டும் போடுவதே முறை.

ஆகவே சீக்கிரம் எடுப்பதும் லாபம் ஆகாது. நீண்ட நாள் வைப்பதும் பத்திரம் ஆகாது. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பும் இதையே சொல்கிறது. ஆபரேஷன் போன்ற காரணங்களுக்காகச் சில நாள் மட்டும் வைக்கும் டியூபைச் சீக்கிரம் எடுத்தால் தொற்று குறையலாம். ஆனால் சிலருக்கு மீண்டும் டியூப் போடும் தேவை கூடலாம் என்பது அதன் முடிவு. இரண்டு பக்கத்தையும் தராசில் வைத்துப் பார்த்து நாளைக் குறிப்பது மருத்துவரின் வேலை.

மருத்துவர் எதைப் பார்த்து முடிவு செய்கிறார்?

அவர் பார்ப்பது காலண்டரை மட்டும் கிடையாது. உப்புநீர் விடுவதை நிறுத்திய பிறகும் சிறுநீர் தெளிவாக வருகிறதா, கட்டி வருகிறதா, காய்ச்சல் உண்டா, நோயாளி எழுந்து நடமாடுகிறாரா, மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்க்கிறார். ஆபரேஷனுக்கு முன் சிறுநீர்ப்பையில் எவ்வளவு தேங்கி நின்றது என்பதும் முக்கியம். ஒரு லிட்டருக்கு மேல் தேங்கி வந்தவருடைய சிறுநீர்ப்பைத் தசை, அளவுக்கு மீறி நிரப்பித் தளர்ந்துபோன சாக்கைப் போன்றது. அது மறுபடியும் சுருங்கப் பழக நாள் பிடிக்கும். நீண்டகாலச் சர்க்கரை நோயாளிக்கு நரம்பும் தளர்ந்திருக்கும். இவர்களுக்கு டியூப் சில நாள் கூடுதலாக இருக்கலாம்.

இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது, நாமாகத் தொடங்கவும் கூடாது.

டியூப் எடுக்கும் நாள்

எடுப்பது ஒரு நிமிட வேலை. பலூனில் உள்ள தண்ணீரை ஊசிக்குழலால் உறிஞ்சிவிட்டு, மூச்சை இழுத்துவிடச் சொல்லி மெல்ல உருவுவார்கள். எரிச்சல் இருக்கும், பெரிய வலி இருக்காது. பலூனை வற்றவிடாமல் தாமே இழுத்து எடுத்துக்கொள்ள முயல்வது பாதையைக் கிழித்துவிடும். இரவில் தூக்கக் கலக்கத்தில் வயதானவர்கள் இழுத்துவிடுவதும் உண்டு. அதனால்தான் டியூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி வைக்கிறார்கள்.

டியூபை மணிக்கணக்கில் கட்டிக் கட்டி அவிழ்த்துப் பழக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு பழைய வழக்கம் இருந்தது. அதனால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்றே அந்த ஆய்வுத் தொகுப்பு கண்டது. அதிகாலையில் எடுப்பதைவிட இரவு படுக்கும் நேரத்தில் எடுத்தால், மீண்டும் போட வேண்டிய தேவை குறையலாம் என்றும் அதில் இருக்கிறது. இது மருத்துவமனையில் தங்கி இருப்பவர்களுக்குப் பொருந்தும். வெளிநோயாளியாக வந்து எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்குக் காலை நேரமே நல்லது. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், கறம்பக்குடி, விராலிமலை என்று தூரத்து ஊர்க்காரர்கள் மாலையில் எடுத்துக்கொண்டு கடைசிப் பேருந்து ஏறினால், நடுராத்திரியில் அடைத்துக்கொள்ளும்போது யாரைப் போய் எழுப்புவது? காலையில் எடுத்து, அங்கேயே இருந்து, இரண்டு மூன்று முறை நன்றாகப் போன பிறகு ஊர் திரும்ப வேண்டும்.

எடுத்த பிறகு முதல் ஆறு மணி நேரம் முக்கியமானது. வழக்கம்போல் தண்ணீர் குடித்தால் போதும். சீக்கிரம் வரட்டும் என்று ஒரே மூச்சில் மூன்று லிட்டர் குடிக்கக் கூடாது. சிறுநீர்ப்பை திடீரென நிரம்பித் தளர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் எவ்வளவு போனது என்று அளவுக் குவளையில் பிடித்து, நேரத்தோடு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். வரவுசெலவு எழுதிப் பழகிய நமக்கு இது கடினமா? பிறகு ஸ்கேன் வைத்து உள்ளே எவ்வளவு மீதம் நிற்கிறது என்று பார்ப்பார்கள். போனதும் நின்றதும் சேர்ந்ததுதான் முழுக்கணக்கு. "போகிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடக் கூடாது. சிறிது சிறிதாக வழிந்துகொண்டே இருந்து, உள்ளே முக்கால் லிட்டர் நிற்பதும் உண்டு.

போகாவிட்டால்?

சிலருக்கு முதல் முறை எடுத்ததும் போகாது. உடனே "ஆபரேஷன் தோற்றுவிட்டது, பணம் போச்சு" என்று மனம் உடைந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. பாதை திறந்திருக்கும், உள்வீக்கம் வடியாமல் இருக்கும், அல்லது தசை இன்னும் தேறாமல் இருக்கும். மீண்டும் டியூப் போட்டு, ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டாவது முறை பலருக்குச் சரியாகிவிடுகிறது. இந்த ஒரு வாரம் வெட்கப்பட்டு வீட்டில் முடங்க வேண்டியதில்லை.

நாட்கணக்கில் டியூபோடு இருப்பதற்கே நாம் கூசுகிறோம். ஈரோட்டில் மண்டி வியாபாரம் நடத்திப் பெயர் பெற்ற வணிகர் குடும்பத்தவரான பெரியார் ஈ.வெ.ரா., தம் கடைசி ஆண்டுகளில் சிறுநீர்க் குழாயும் அதற்கான கலமும் உடன்வரவே ஊர் ஊராகப் பயணம் செய்தார் என்பது நாடறிந்தது. 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் தொண்ணூற்று நான்கு வயதில் தம் கடைசிப் பொதுக்கூட்டத்தில் பேசியபோதும் அந்த நிலையில்தான் இருந்தார். அதே மாதம் 24ஆம் தேதி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலமானார். அவர் கொள்கையில் நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். டியூப் இருப்பது அவமானம் இல்லை என்பதை அவர் வாழ்விலிருந்து எவரும் எடுத்துக்கொள்ளலாம்.

டியூபோடு வீட்டில் இருக்கும்போது

பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும். தரையில் படக் கூடாது. தூக்கி மடியில் வைத்தால் பையில் உள்ளது திரும்ப உள்ளே போகும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் கைகழுவிவிட்டுக் காலி செய்ய வேண்டும். டியூபையும் பையையும் இணைக்கும் இடத்தை அடிக்கடி பிரிக்கக் கூடாது. கிருமி உள்ளே புக அதுவே வாசல். தினமும் குளிக்கும்போது சோப்பும் தண்ணீரும் கொண்டு டியூப் நுழையும் இடத்தைக் கழுவினால் போதும்.

டியூப் இருக்கும்போதே சிறுநீர் முட்டுவதுபோல் தோன்றும். பலூன் உறுத்துவதால் வரும் உணர்வு அது. முக்கக் கூடாது. ஆனால் பையில் ஒன்றும் இறங்காமல் அடிவயிறு உப்பினாலும், குளிரும் காய்ச்சலும் வந்தாலும், கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலும், விதைப்பை வீங்கி வலித்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மூட்டை தூக்கும் கை

டியூப் எடுத்த மறுநாளே எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. உள்ளே ஆறாத புண் இருக்கிறது. பத்துப் பதினைந்து நாளில் அதன் பொருக்கு உதிரும்போது மீண்டும் சிறுநீர் சிவக்கலாம். சிறிது சிவந்தால் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தால் அடங்கும். கெட்டியாகச் சிவந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அந்த நேரத்தில் இருபத்தைந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கினாலோ, மலச்சிக்கலோடு முக்கினாலோ, மேடு பள்ளத்தில் ஸ்கூட்டர் ஓட்டினாலோ ரத்தம் பெருகும். நான்கு முதல் ஆறு வாரம் வரை மூட்டை தூக்குவதும், எண்ணெய் டின் நகர்த்துவதும், சைக்கிள் மிதிப்பதும் வேண்டாம். கல்லாவில் சில மணி நேரம் உட்காரலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு, இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். அடிக்கடி போவது, அவசரமாக வருவது, சிறிது கசிவது எல்லாம் சில வாரங்கள் இருந்து குறையும். காற்றை அடக்குவதுபோல் கீழ்த்தசையைச் சுருக்கி விடும் பயிற்சியை நாளுக்குப் பலமுறை செய்யச் சொல்வார்கள். உட்கார்ந்த இடத்திலேயே செய்யலாம்.

நம் மாவட்டத்தில்

ஒரு காலத்தில் இந்த நோய்க்கு நம்மவர்கள் மதுரைக்கும் சென்னைக்கும் வேலூருக்கும் போனார்கள். 2017 முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திருச்சியிலும் தஞ்சாவூரிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் சென்னை அடையாறில் நிறுவிய புற்றுநோய் மருத்துவமனை இன்றும் தொண்டாற்றுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், தங்கள் ஆபரேஷனுக்கு அது பொருந்துமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கே செய்துகொண்டாலும், ஆபரேஷனுக்கு முன்பே ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். எனக்குச் செய்வது எந்த வகை ஆபரேஷன்? டியூப் உத்தேசமாக எத்தனை நாள் இருக்கும்? டியூபோடு வீட்டுக்கு அனுப்புவீர்களா? எடுக்கும் நாளில் எவ்வளவு நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும்? போகாவிட்டால் அல்லது இரவில் அடைத்துக்கொண்டால் எங்கே வர வேண்டும்? விடைகளை மகனையோ மனைவியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். டியூப் போட்ட தேதியையும் எடுக்க வேண்டிய தேதியையும் கடையிலும் வீட்டிலும் தொங்கும் தினசரிக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் தாளைக் கடைப் பத்திரங்களோடு பத்திரமாக வையுங்கள்.

கூடுமானால் ஆபரேஷன் நாளையே வியாபாரம் மந்தமான மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடைப்பு முற்றி அவசரத்தில் போகாமல், மருத்துவர் சொன்னவுடன் திட்டமிட்டுப் போகிறவருக்குத்தான் அந்த வசதி கிடைக்கும். ஆறு வாரத்துக்குக் கல்லாவில் யார், கொள்முதல் யார், வசூல் யார் என்று முன்பே முடிவு செய்துவிட்டுப் படுக்கையில் படுத்தால், டியூபை எப்போது எடுப்பார்கள் என்ற பதற்றம் பாதி குறைந்துவிடும். தனியாளாகக் கடை நடத்தும் உறுப்பினருக்குப் பக்கத்துக் கடைக்காரர்கள் முறைவைத்துக் கைகொடுத்தால் அதைவிடப் பெரிய சங்கப் பணி வேறில்லை.

சரக்கு எடுக்கும் நாளை நாம் குறிக்கலாம். கடை திறக்கும் நேரத்தை நாம் குறிக்கலாம். டியூப் எடுக்கும் நாளை மட்டும் ஆறும் புண்ணும், அதைப் பார்க்கும் மருத்துவரும் குறிக்கட்டும். குறித்த நாளில் ஒருநாள் முந்தாமலும் ஒருநாள் பிந்தாமலும் போய் நிற்பது நம் பொறுப்பு.